ஆட்சேபணை இல்லாத பங்குதாரர்

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது, சத்தியம். எதன் மேல் கை வைத்துச் சொல்லச் சொன்னாலும் சொல்லலாம். சூடான வாணலி மேல் வேண்டுமானாலும். நம்பச் சிரமமாக இருக்கிறது என்பவர்கள் பெரிய பணம் புழங்கும் இடங்களுக்குள் போகாதவர்கள். போய்ப் பழகியவர்கள் இதைவிட நம்ப முடியாத விஷயங்களை நாள்தோறும் கையெழுத்துப் போட்டு நம்புகிறார்கள்.

அந்த நிதி நிறுவனத்தில் கடவுள் ஒரு பங்குதாரர்.

பேச்சுக்குச் சொல்வதல்ல. பத்திரம் பதிந்த பங்குதாரர். பெரியவர் இளைஞராக இருந்தபோது தொழில் தொடங்கக் கூட்டாளி தேடி அலைந்தார். உறவுக்காரர்கள் அவரைக் கண்டாலே எதிர்ச்சாரிக்கு மாறினார்கள். வீம்புக்காரர் அல்லவா, நேராகப் பதிவு அலுவலகத்துக்குப் போய், கூட்டாளி கடவுள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அங்கிருந்த எழுத்தர் கண்ணிமைக்காமல் முகவரி கேட்டார். பெரியவர் கூரையை நோக்கிக் கையைக் காட்டினார். எழுத்தர் ‘மேற்படி விலாசம்’ என்று நிரப்பி முத்திரை குத்தினார்.

அதிலிருந்து எல்லாம் முறைப்படி நடந்தது. கடவுளுக்கு விசிட்டிங் கார்டு அடித்தார்கள். வருமான வரிக்காரர்கள் ஒருமுறை அவரை நேரில் வரச் சொல்லி நோட்டீஸ் அனுப்பினார்கள், குறித்த நாளன்று அந்த அலுவலகத்தில் அவருடைய கோப்பு மட்டும் காணாமல் போனது, வந்துபோனதாகவே எடுத்துக்கொண்டார்கள். கட்டடத்தின் அடித்தளத்தில் அவருக்கென்று வண்டி நிறுத்த ஓர் இடம் ஒதுக்கிப் பலகையும் வைத்திருந்தார்கள். நெரிசல் பிதுங்கும் அந்த நகரத்தில் ஒரு காலி இடம் காலியாகவே இருப்பதைப் பார்த்து நாத்திகர்கள்கூட மனம் மாறியதுண்டு.

மேல்மாடியில் கூட்ட அறை. நீள மேசை, நான்கு நாற்காலிகள். ஒன்று பெரியவருக்கு, ஒன்று மகனுக்கு, ஒன்று மகளுக்கு, ஜன்னலோரம் இருந்த உயர்ந்த முதுகுள்ள தோல் நாற்காலி கடவுளுக்கு. அதன் முன்னால் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர். யாரும் அதில் உட்காரக் கூடாது என்பது மட்டுமல்ல, அதை நேருக்கு நேர் பார்ப்பதே மரியாதைக் குறைவு என்று ஆகிவிட்டிருந்தது. ஓரத்தில் ஒரு ஸ்டூலில் மினிட்ஸ் மாமா உட்கார்ந்து கூட்ட நடவடிக்கைகளை எழுதுவார். அவர் யாருக்கும் மாமா அல்ல; வேலை அது, அழைப்பு இது.

நான்கு பேருக்கும் சம பங்கு, சம வாக்கு. ஒரு தீர்மானம் வந்தால் மூவர் கையைத் தூக்குவார்கள், அல்லது தூக்கமாட்டார்கள். பிறகு பெரியவர் தோல் நாற்காலிப் பக்கம் தலையைக் குனிந்து, “ஆட்சேபணை இருந்தா சொல்லலாம்” என்பார். சிறிது நேரம் காத்திருப்பார்கள். சத்தம் வராது. மினிட்ஸ் மாமா எழுதுவார்: ‘கடவுள் – ஆட்சேபணை இல்லை.’ இத்தனை ஆண்டுகளில் கடவுள் ஒருமுறையும் ஆட்சேபிக்கவில்லை. இப்படி ஒரு கூட்டாளி கிடைக்க யாருக்குத்தான் கொடுத்து வைத்திருக்கும் என்று போட்டி நிறுவனத்துக்காரர்கள் பொருமினார்கள்.

நிறுவனத்தின் வேலை எளிமையானது. ஆசிரியர்கள், தாதிகள், பேருந்து ஓட்டுநர்கள் என்று பலருடைய ஓய்வுக்கால சேமிப்பு அங்கே வந்து சேரும். அதைக் கொண்டு நல்ல கம்பெனிகளின் பங்குகளை மொத்தம் மொத்தமாக வாங்குவார்கள். இதில் ஒரே ஒரு ஆபத்து. நாளைக்கு எந்தக் கம்பெனியை வாங்கப்போகிறார்கள் என்று வெளியே ஒருவனுக்குத் தெரிந்துவிட்டால் போதும். இன்றைக்கே அதை மலிவாக அள்ளிவைத்துக்கொண்டு, நாளைக்கு இவர்களிடமே விலையேற்றி விற்றுவிடுவான். ஆகவே கம்பெனியின் பெயர் பெரியவருக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும். மகள்தான் தேர்ந்தெடுப்பாள். எல்லாரும் அவளைச் சின்னவள் என்றுதான் சொல்வார்கள்.

மகன் வாடிக்கையாளர்களைப் பார்த்துக்கொண்டான். அவனுக்குச் சொல்லக் கூடாது என்பது தொழில் விதி. வீட்டில் மூவரும் ஒரே மேசையில் சாப்பிடும்போது, விதியை மதித்து, மழையைப் பற்றி மட்டும் பேசுவார்கள். மழையே பெய்யாத மாதங்களில் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசை மிகவும் அமைதியாக இருக்கும்.

மகனுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது அவனுக்கே மறந்துபோயிருக்கலாம். எல்லாருக்கும் அவன் நிதானம். ஒருமுறை கட்டடத்தில் தீ எச்சரிக்கை மணி அடித்து மாடி மாடியாக ஜனங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியபோது, அவன் பேனாவை மூடி, சட்டைப்பையில் செருகி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு நடந்து இறங்கினான். அவன் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் தீயணைப்பு வண்டி வந்து, பார்த்து, ஒன்றுமில்லை என்று திரும்பிப் போயிருந்தது. அவன் ஓடி ஒருவரும் பார்த்ததில்லை. ஓய்வு கிடைக்கும் வேளைகளில் தன் அறையில் கண்ணை மூடி, காதில் இயர்போனை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பான். பக்திப் பாட்டு கேட்கிறான் என்று பெரியவர் வருகிறவர்களிடம் பெருமையாகக் காட்டுவார்.

சின்னவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா போய்விட்டாள். அவளுக்குத் தலை பின்னிவிட்டது நிதானம்தான். அவன் ஒரு பக்கப் பின்னலை முடித்து மறு பக்கத்துக்கு வருவதற்குள் முதல் பாடவேளை முடிந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் அவளுடைய வகுப்புக்கு மட்டும் முதல் பாடவேளையை ஓவியமாக மாற்றினார்கள். பெரியவர் கடவுளை நம்பினார். சின்னவள் அண்ணனை நம்பினாள். கடவுளையும் நம்பினாள், ஆனால் அது அண்ணன் சொல்லி.

வேண்டுதலை வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்பதும் அவன் சொன்னதுதான். மனதுக்குள் வேண்டிக்கொள்வது கையெழுத்துப் போடாத செக் மாதிரி என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னான். மழையைத் தவிர அவன் பேசிய முதல் விஷயம் என்பதால் பெரியவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். அன்றுமுதல், ஒரு கம்பெனியை வாங்குவதற்கு முந்தின நாள் அவரும் சின்னவளும் கூட்ட அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தோல் நாற்காலியின் முன் நின்று, எந்தக் கம்பெனி, எந்த விலைவரை என்று கடவுளிடம் தெளிவாகச் சொல்வார்கள். ஆட்சேபணை வராது. மறுநாள் வாங்குவார்கள். அந்த நாற்காலியைத் துடைக்க வேலைக்காரர்களைச் சின்னவள் விட்டதில்லை. தானே மெல்லிய துணியால் கைப்பிடி மடிப்புவரை துடைப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் விலை முந்திக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

இவர்கள் வாங்கப் போகும் கம்பெனியை யாரோ முந்தின நாளே வாங்கியிருந்தார்கள். முதல் தடவை, தற்செயல் என்றார்கள். அடுத்த தடவை சந்தை மீது பழி போட்டார்கள். அதற்கடுத்து ஒரு சிமெண்டு கம்பெனியிலும், பிறகு ஒரு கப்பல் கம்பெனியிலும் அதே கதை ஆனபோது, ஆசிரியர்களும் ஓட்டுநர்களும் எங்கள் பணம் ஏன் வளரவில்லை என்று கேட்டு எழுதினார்கள். பெரியவர் மகளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி பேசினார்.

“கம்பெனி பேர் யாருக்கெல்லாம் தெரியும்?”

“உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும்.”

“அப்புறம்?”

“கடவுளுக்குத் தெரியும்.”

“நான் யார்கிட்டயும் சொல்லல. கடவுள் சொல்ல மாட்டார். மிச்சம் யாரும்மா?”

கழித்தல் கணக்கில் அவர் எப்போதும் கெட்டிக்காரர்.  தான் இல்லை என்றாள் சின்னவள். எதன் மேல் வேண்டுமானாலும் சத்தியம் செய்வதாகச் சொன்னாள். பெரியவர் திரும்பவில்லை. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அவளுடைய பங்கைப் பறிக்கும் தீர்மானம் வரும் என்றார். நிறுவனத்தை விற்றவளுக்கு வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் நாற்காலி கிடையாது என்றார். தன் குடும்பம் இனி எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் குறைத்தே சொல்லப்போவதாகவும் சொன்னார். எல்லாவற்றையும் வானிலை அறிக்கை வாசிப்பது போலவே சொல்லி முடித்தார்.

அவள் நேராக அண்ணனின் அறைக்குப் போனாள். அவன் இயர்போனைக் கழற்றி, சுருட்டி, டிராயரில் வைத்து, டிராயரை மூடினான். அதுவரை அவள் அழுகையை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. முழுவதையும் கேட்டான். கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தான். அப்பா கோபம் தணிந்துவிடும் என்றான், அதற்கு நாள் பிடிக்கும் என்றான், உன்னைத் தெரியாதா எனக்கு என்றான். கடைசியாக அவள் தலையில் கை வைத்து,

“கடவுள்கிட்டச் சொல்லு, குட்டி. மனசுல வெச்சிக்கிட்டுக் குமுறாத. வாய்விட்டுச் சொல்லு” என்றான்.

அவளுக்கு அந்தக் கை பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆனால் படுக்கையில் புரண்டபோது அப்பாவின் கழித்தல் கணக்கு அவளை விடவில்லை. தான் சொல்லவில்லை. அது நிச்சயம். அப்பா சொல்லியிருப்பாரா? டாக்டரிடம் போனால் எங்கே வலிக்கிறது என்பதைக்கூடச் சொல்லாமல் கண்டுபிடிக்கச் சொல்கிறவர் அவர். அப்படியானால் மிச்சம் யார்? விடை வந்ததும் அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.  ஒரு பங்குதாரர் மீது சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்ப்பது தொழில் தர்மம். அந்தப் பங்குதாரர் கடவுளாக இருந்தால் அதற்கு எந்தத் தர்மத்தில் இடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் எல்லாரும் சாப்பிடப் போன மதியவேளையில் கூட்ட அறைக்குள் தனியாக நுழைந்தாள். கதவைச் சாத்தினாள். நாற்காலியைத் துடைத்தாள், தம்ளரில் தண்ணீரை மாற்றினாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, பிறந்ததிலிருந்து சொல்லாத ஒன்றை அந்த நாற்காலியிடம் சொன்னாள். பொய்.

“கடவுளே, நாளைக்கு ரிப்பன் கம்பெனியை வாங்கப்போறோம். மொத்தமா. விலை பத்து மடங்கு ஏறினாலும் வாங்குறதுன்னு அப்பா முடிவு பண்ணிட்டார்.”

ரிப்பன் கம்பெனி என்பது தட்டச்சு இயந்திரங்களுக்கு மை ரிப்பன் செய்துகொண்டிருந்த கம்பெனி. தட்டச்சு இயந்திரங்கள் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆயிற்று. ஆனால் அந்தச் செய்தி ரிப்பன் கம்பெனிக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. அதன் பங்கு சந்தையில் ஒரு மூலையில் கிடந்தது. வாங்குகிறவனும் இல்லை, விற்கிறவனும் இல்லை.

அன்று மாலைக்குள் அது மூன்று மடங்கானது. மறுநாள் காலை ஆறு மடங்கு. ரிப்பன் கம்பெனி முதலாளியே பங்குச் சந்தைக்குப் போன் போட்டு, தன் கம்பெனியில் என்ன நல்லது நடந்தது என்று தயவுசெய்து சொல்லும்படி கேட்டார். ஆலைக் கேட்டில் தூங்கிக்கொண்டிருந்த காவலாளி, கூட்டம் கூடுவதைப் பார்த்துப் பயந்து, உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டார்.

சின்னவள் திரையில் ஏறும் எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பெயரை அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. அண்ணனிடம் சொல்லவில்லை. உலகத்தில் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தாள்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வருவதற்குக் காலின் கீழே தரை இருக்கவேண்டும். சிறு வயதில் தலைவலி முதல் பரீட்சை வரை அவள் சொன்னதெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்ததோ, யார் யார் கேட்டுச் சிரித்தார்களோ என்று தோன்றியது. அன்று மதியம் மறுபடி கூட்ட அறைக்குப் போனாள். நாற்காலியைத் துடைக்கவில்லை. தண்ணீரை மாற்றவில்லை. முதல்முறையாகத் தலையைக் குனியாமல் நின்றாள்.

“நீங்களா?” என்றாள்.

பதில் இல்லை. வழக்கம்போல.

என்ன குறை வைத்தோம் என்று கேட்டாள். உங்களுக்குப் போய் எதற்குப் பணம் என்று கேட்டாள்.  எவ்வளவு பெரிய துரோகியாக இருந்தாலும் கடவுளிடம் தான் பொய் சொன்னது சொன்னதுதானே என்ற உறுத்தல் நடுவில் புகுந்தது. அவள் வளர்ந்த விதம் அப்படி. மன்னிப்பும் கேட்டுவிட முடிவு செய்தாள்.

“நேத்து சொன்னது பொய். நாங்க ரிப்பன் கம்பெனியை வாங்கல. அது வெறும் குப்பை. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள விலை தரைக்கு வந்துடும். மன்னிச்சிடுங்க.”

சொல்லி வாயை மூடவில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி தடாலென்று விழுந்தது. ஏதோ பீங்கான் உடைந்தது. கதவு சுவரில் மோதியது. பிறகு நடையில் காலடிச் சத்தம்: தட தட தட தட என்று, பூட்ஸ் தேய, மூச்சு இரைக்க, யாரோ ஓடினார்கள். ஓடிக்கொண்டே போனில், வித்துடு, எல்லாத்தையும் வித்துடு, என்ன விலைக்குன்னாலும் வித்துடு என்று கத்தினார்கள்.

குரல் அவளுக்குத் தெரிந்த குரல். ஓட்டம் அவள் கேட்டே இராத ஓட்டம். அந்தக் கட்டடமே ஒரு கணம் வேலையை நிறுத்தியது. கணக்குப் பிரிவில் இருந்தவர்கள் நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தார்கள். நிதானம் ஓடுகிறார் என்று ஒருவர் சொல்ல, பூகம்பம் என்று நினைத்துப் பாதிப் பேர் மேசைக்கு அடியில் புகுந்தார்கள்.

சின்னவள் மட்டும் அசையவில்லை. அவள் கண் தோல் நாற்காலியின் முன்னால் இருந்த மைக்கின் மேல் நின்றது. கூட்ட அறையைப் புதுப்பித்தபோது நிதானம்தான் முன்னின்று ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு மைக் வைத்தான், கடவுளுக்கும் சேர்த்து. பேசும்போது பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். பேசி முடித்ததும் மறுபடி அழுத்தி அணைத்துவிட வேண்டும். எல்லாரும் அணைத்துவிடுவார்கள். கடவுளின் மைக்கை யார் அணைப்பது? பேசாதே என்று அவரிடம் யார் சொல்வது? அந்தச் சிவப்பு விளக்கு வைத்த நாளிலிருந்து எரிந்துகொண்டிருந்தது. அந்த நாற்காலியை யாரும் நேராகப் பார்ப்பதில்லை என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. தினமும் துடைத்தவளும் குனிந்த தலையோடுதான் துடைத்தாள்.

குனிந்து கம்பளத்தைத் தூக்கினாள். மற்ற மைக்குகளுக்கு ஒரு வயர். இதற்கு இரண்டு. இரண்டாவது வயர் சுவரில் ஒரு துளை வழியாக அண்ணனின் அறைக்குள் போயிருந்தது. அவள் அங்கே போனாள். கவிழ்ந்து கிடந்த நாற்காலி, உடைந்த கோப்பை, மேசை விளிம்பில் ஊசலாடிக்கொண்டிருந்த இயர்போன். எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். பக்திப் பாட்டு ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து அறையில் ஏசி லேசாக முனகும் சத்தம் கேட்டது. கடவுள் நிரபராதி என்று தெரிந்ததில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி போய், தலையில் வைத்த கை நினைவுக்கு வந்தது. வாய்விட்டுச் சொல்லு, குட்டி. அப்போதுதான் அவள் தரையில் உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு அவள் தெம்பாகவே வந்தாள் என்று சொல்லவேண்டும். உண்மை கையில் இருக்கிறது, வயர் சுவரில் இருக்கிறது, தீர்மானம் தலைகீழாகத் திரும்பிவிடும் என்று நம்பினாள். எல்லாவற்றையும் சொன்னாள். கம்பளத்தைத் தூக்கிக் காட்டினாள். மினிட்ஸ் மாமா எழுதுவதை நிறுத்திவிட்டு வயரையே பார்த்தார். பெரியவர் மகனைப் பார்த்தார்.

நிதானம் மறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மாட்டினான்.

“வீட்ல இருக்கறது மூணு பேரு. ரெண்டு பேருக்குத் தெரியும், ஒருத்தனுக்குத் தெரியக் கூடாது. அப்போ அந்த ஒருத்தன் யாருப்பா? வாடகைக்கு இருக்கறவனா?”

பெரியவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்பது கடவுளுக்குத்தான் தெரியும். அவரும் அதே மேசையில் பேசாமல்தான் இருந்தார். ஆனால் வெளியில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று உண்டு. ஆசிரியர் சங்கமும் ஓட்டுநர் சங்கமும் கைகுலுக்கிப் பழகியது நிதானத்தின் கையோடுதான். இவ்வளவு பொறுமைசாலி ஏமாற்றமாட்டான் என்று நம்பித்தான் அவர்கள் பணத்தைக் கொடுத்தார்கள். அந்தக் கை வெளியே போனால் பணமும் அதைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். கம்பெனி தேர்ந்தெடுக்க ஆள் கிடைக்கும். அப்படிப்பட்ட முகம் கிடைக்காது.

பெரியவர் மகளின் பக்கம் திரும்பினார்.

“ரிப்பன் கம்பெனியை வாங்கப்போறதா எங்க வெச்சுச் சொன்ன?”

“இங்கதாம்பா. இந்த நாற்காலி முன்னாடி.”

“பொய்னு தெரிஞ்சே சொன்னியா?”

“கண்டுபிடிக்கத்தானேப்பா…”

“கண்டுபிடிச்சுக் குடுன்னு அவர் உன்கிட்டக் கேட்டாரா?” என்றார் பெரியவர். “இவன் ஒட்டுக் கேட்டான். தப்புதான். ஆனா கேட்டதுல ஒரு வார்த்தையக் கூட்டல, குறைக்கல. நீ கடவுள் முகத்துக்கு நேரா நின்னு, விலை வரைக்கும் சேர்த்து, பொய் சொல்லியிருக்க.”

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்பா வேடிக்கை செய்கிறார் என்று நினைத்து அண்ணனைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து அப்படித்தான், புரியாவிட்டால் அண்ணனைப் பார்ப்பாள். அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தீர்மானம் மாறவில்லை, காரணம் மட்டும் மாறியது. பெரியவர் கையைத் தூக்கினார். நிதானமும் தூக்கினான், வழக்கமான வேகத்தில். அவன் கை தோள்மட்டம் வருவதற்குள் மினிட்ஸ் மாமா எழுதி முடித்திருந்தார். சின்னவள் எதிர்த்தாள். கடவுள் ஆட்சேபித்தால் இரண்டுக்கு இரண்டு. சமமானால் தீர்மானம் விழுந்துவிடும். அதுதான் நிறுவனத்தின் விதி.

“ஆட்சேபணை இருந்தா சொல்லலாம்” என்றார் பெரியவர், தலையைக் குனிந்து.

சின்னவள் அந்த நாற்காலியைப் பார்த்தாள். அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான். எத்தனை வருடம் துடைத்த தோல், எத்தனை தம்ளர் தண்ணீர். நீங்களும் இப்படிச் சும்மா இருந்துவிடாதீர்கள் என்று மனதுக்குள் கெஞ்சினாள். வாய்விட்டுச் சொல்லவில்லை, அது இனி யார் காதுக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

அப்போது மைக் ‘கொர்ர்’ என்றது.

நால்வருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. பெரியவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நிதானத்தின் கை தானாகக் கீழே இறங்கியது. சின்னவள் மூச்சைப் பிடித்தாள். சிவப்பு விளக்கு ஒருமுறை மங்கி, மறுபடி பிரகாசமாக எரிந்தது. வேறு சத்தம் வரவில்லை. மினிட்ஸ் மாமா, இதை ஆட்சேபணை என்று எழுதுவதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

பெரியவர் யோசித்தார்.

“தொண்டையைச் செருமினார்” என்றார் கடைசியில். “பேசல.”

மாமா எழுதினார்.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். லிஃப்ட் கதவு மூடும் நேரத்தில் நிதானம் உள்ளே வந்து நின்றான். இருவரும் கதவுக்கு மேல் குறையும் எண்களைப் பார்த்தபடி இறங்கினார்கள். ரிப்பன் கம்பெனி கவிழ்வதற்குள் விற்றுவிட முடிந்தது என்றான். அவள் முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால் தெருவில் நின்றிருப்பானாம். அதற்கு நன்றி என்றான். மனதாரத்தான் சொன்னான், அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

“அப்பா என் மேல பழி போட்டப்போ ஏண்ணா வாயத் திறக்கல?”

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

“சொல்லலாமான்னு யோசிச்சிக்கிட்டு இருந்தேன், குட்டி. அதுக்குள்ள வெள்ளிக்கிழமை வந்துடுச்சு.”

கீழே கதவு திறந்தது. அவள் இறங்கினாள். அவன் பின்னாலேயே இறங்குவதற்குள் கதவு மூடி, லிஃப்ட் அவனை மறுபடி மேலே கொண்டுபோய்விட்டது.

தெருவில் வெயில் சுள்ளென்று அடித்தது. பேருந்து ஓட்டுநர் ஒருவர் அவளைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். தன்னுடைய ஓய்வுக்காலச் சேமிப்பு பத்திரமாக இருக்கிறதா என்று, தினமும் அவளை ஏற்றிச் செல்கிற உரிமையில் கேட்டார். நம்பிக்கையான ஆட்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அவள் பதில் சொன்னாள். சொல்லிவிட்டு, இந்த வாரத்தில் தான் சொன்ன இரண்டாவது பொய் இது என்று நினைத்துக்கொண்டு, ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்துக்குள் அவள் கால் வைக்கவில்லை. நிறுவனம் இன்றும் அமோகமாக நடக்கிறது.

குடும்பத்தைப் பற்றி யாராவது கேட்டால், பெரியவருக்குப் பிறந்தது ஒரே பிள்ளை, அதுவும் மகன். பெண் குழந்தையே கிடையாது.